கொத்து மெனுவில் ‘சீஸ்’ என்று தட்டினால்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். வகுப்புக்காக ஒரு கொத்துரொட்டிக் கடையில் ஓடர் எடுக்கிற பைத்தன் ப்ரோகிராம் எழுதியிருக்கிறீர்கள். 1 முட்டைக் கொத்து, 2 கோழிக் கொத்து, 3 சீஸ் கொத்து, 4 டொல்பின் கொத்து, 5 வெளியேற. வீட்டில் ஓட்டியபோது எல்லாம் சரி. டீச்சர் வந்து உட்கார்ந்து, எண்ணைத் தட்டாமல் ‘சீஸ்’ என்று தட்டியதும் நாலைந்து வரி எரர் வந்து ப்ரோகிராம் நின்றுவிட்டது. அதைச் சரிக்கட்ட யாரோ சொன்னபடி லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதிக்குள் இருந்த எல்லாவற்றையும், எரரைப் பிடிக்கிற ட்ரை, எக்செப்ட்டுக்குள் போட்டீர்கள். இப்போது 5ஐத் தட்டினால் வெளியேறாமல் ‘தவறான உள்ளீடு’ என்ற வரி திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, கன்ட்ரோல் சி அடித்தாலும் நிற்கவில்லை, ஜன்னலையே மூட வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் 0 தட்டினால் டொல்பின் கொத்து வருகிறது.

மூன்றும் தனித்தனிப் பிழைகள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போனில் இருந்து எழுதுகிறேன், கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க அலுப்பாக இருப்பதால் பைத்தன் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதிப்போகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் தமிழில் விட்டாலும் பைத்தன் 3 ஒன்றும் சொல்லாது.

டீச்சரின் ‘சீஸ்’ முதலில். உங்கள் வரி இது:

தெரிவு = இன்ட்(இன்புட்("தெரிவு: "))

இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் கோவையைத்தான் தரும். ஆள் 3 என்று தட்டினாலும் உங்களுக்கு வருவது ‘3’ என்ற எழுத்து. அதை இன்ட்டிடம் கொடுத்தால் அது எண்ணாக மாற்றித் தருகிறது. ‘சீஸ்’ஐக் கொடுத்தால் மாற்ற வழியில்லை, வேல்யூஎரர் என்று கத்திவிட்டு நின்றுவிடும். பாடப்புத்தகம் வழு என்று சொல்வது இதைத்தான். ஆக, நின்றதில் பைத்தனில் பிழை இல்லை. கேட்கக்கூடாத ஒன்றை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

இங்கே ஒரு பக்கக் கதை. கொழும்பில் டியூஷன் வகுப்புகளில் கைமாறுகிற போட்டோகொப்பி நோட்ஸ் சிலவற்றில் இன்னும் ரோ_இன்புட் என்று இருக்கும், அல்லது இன்புட் தானாகவே எண்ணைத் தரும் என்று எழுதியிருக்கும். அது பைத்தன் 2 காலத்துச் சங்கதி. அப்போதைய இன்புட், ஆள் தட்டியதை ஒரு பைத்தன் கணக்காகவே எடுத்து ஓட்டிப் பார்க்கும். 1+2 என்று தட்டினால் 3 வரும், விஷமக்காரன் யாராவது வேறு எதையாவது தட்டினால் அதுவும் ஓடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தன் 3இல் அதை எடுத்துவிட்டார்கள், 2020 ஜனவரி 1ஓடு பைத்தன் 2க்கான ஆதரவும் முடிந்தது. அந்த நோட்ஸைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மெனுவில் இருக்கிற 3 உண்மையில் எண்தானா?

காலி வீதியில் நின்று 100 பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். நுகேகொடைப் பக்கம் போக வேண்டுமென்றால் 138. இந்த இரண்டையும் கூட்டி 238 என்று யாராவது கணக்குப் பார்ப்பார்களா? 138, 100ஐ விடப் பெரிய பஸ் என்று சொல்வார்களா? 138க்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு இன்னொரு இலக்கமும் போட்ட பஸ்கள் ஓடுகின்றன, அதை வகுத்தல் கணக்கு என்று எவரும் நினைப்பதில்லை. அது ஒரு பெயர், இலக்கத்தால் எழுதப்பட்ட பெயர், அவ்வளவுதான். உங்கள் மெனுவின் 1, 2, 3, 4 எல்லாம் அந்த ஜாதி. அதில் கூட்டல் கழித்தல் எதுவும் செய்யப்போவதில்லை என்றால் இன்ட் எதற்கு? எண்ணாக மாற்றாவிட்டால் வேல்யூஎரரும் இல்லை, அதைப் பிடிக்க ட்ரை எக்செப்ட்டும் தேவையில்லை. பாதித் தலையிடி அங்கேயே போய்விடும்.

ஆகவே மெனுவை வரிசையாக அடுக்குகிற லிஸ்ட்டாக வைக்காமல், ஒரு சாவிக்கு ஒரு பெயர் என்று வைக்கிற டிக்ஷனரியாக வையுங்கள், சாவியை ஸ்ட்ரிங்காகவே விடுங்கள்:

மெனு = {"1": "முட்டைக் கொத்து", "2": "கோழிக் கொத்து", "3": "சீஸ் கொத்து", "4": "டொல்பின் கொத்து", "0": "வெளியேற"}

டெஃப் தெரிவைக்_கேள்():
    வைல் ட்ரூ:
        தெரிவு = இன்புட்("என்ன வேண்டும்? ").ஸ்ட்ரிப்()
        இஃப் தெரிவு இன் மெனு:
            ரிட்டர்ன் தெரிவு
        பிரின்ட்("1 முதல் 4 வரை ஒன்றைத் தட்டுங்கள், வெளியேற 0")

இவ்வளவுதான். ‘சீஸ்’ தட்டினால் மெனுவில் அந்தச் சாவி இல்லை, கடைசி வரி வரும், லூப் மறுபடி கேட்கும். வெறும் என்டர் தட்டினாலும் அப்படித்தான், 99 தட்டினாலும் அப்படித்தான். எது சரி என்பதை மெனுவே சொல்வதால், நாளைக்கு நீங்கள் ஐந்தாவதாக ஒரு கொத்தைச் சேர்த்தால் சோதிக்கிற வரியைத் தொடவே வேண்டியதில்லை. அந்த ‘1 முதல் 4 வரை’ என்ற வசனத்தைத்தான் திருத்த வேண்டும், விரும்பினால் அதையும் மெனுவின் சாவிகளில் இருந்தே கட்டிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரிப் ஏன் என்று கேட்பீர்கள், அது முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளியைக் கழற்றுவது. இன்ட் தன்னிடம் கொடுத்ததைச் சுற்றியிருக்கிற இடைவெளியைத் தானே கழற்றிவிடும், ‘ 3 ’ என்று கொடுத்தாலும் 3 வரும். ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போது அந்தச் சலுகை கிடையாது, ‘3’ வேறு, ‘3 ’ வேறு. ஆட்கள் ஸ்பேஸ் தட்டுவார்களா என்றால் தட்டுவார்கள், அதுவும் போனில் பைத்தன் ஓட்டுகிறவர்களுக்குக் கீபோர்டே பல நேரம் ஒரு ஸ்பேஸைச் சேர்த்துவிடும்.

வெளியேற 5ஐ எடுத்துவிட்டு 0 போட்டதைக் கவனித்திருப்பீர்கள். இது என் சொந்த அபிப்பிராயம்தான், ஆனால் காரணம் இருக்கிறது: புதிதாக ஒரு கொத்து சேர்ந்தால் 5 அதற்குப் போய்விடும், 5 தட்டி வெளியேறிப் பழகிய ஆளின் தலையில் ஒரு இறால் கொத்து விழும்.

இனி அந்த டொல்பின். 0 தட்டினால் ஏன் டொல்பின் வந்தது? உங்கள் லிஸ்ட்டில் நாலு பெயர்கள், இலக்கங்கள் 0 முதல் 3 வரை. மனிதர் 1இல் இருந்து எண்ணுவதால் நீங்கள் கொத்து[தெரிவு - 1] என்று ஒன்றைக் கழித்தீர்கள், அது சரி. ஆனால் ஆள் 0 தட்டினால் 0 - 1, அதாவது -1. வேறு சில மொழிகளில் இது எரர். பைத்தனில் -1 என்றால் கடைசியில் இருந்து முதலாவது, ஆகவே டொல்பின். -1 தட்டினால் -2, சீஸ். -3 வரை தட்டிப் பார்த்தால் முழு மெனுவும் பின்பக்கமாக வரும், -4இல்தான் இன்டெக்ஸ்எரர் வந்து நிற்கும். எரர் வந்து நிற்கிற ப்ரோகிராமை விட, எரர் வராமல் பிழையான கொத்தைக் கொடுக்கிற ப்ரோகிராம் மோசமானது, ஏனென்றால் டீச்சர் கண்டுபிடிக்கும் வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிக்ஷனரியில் இந்தத் தொல்லை இல்லை, "-1" என்ற சாவி இல்லை என்றால் இல்லைதான்.

ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டால் எல்லாம் சுகம் என்று நினைக்கவும் வேண்டாம், அதிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, புதிதாக எழுதுகிறவர்கள் அநேகமாக இரண்டிலும் விழுவார்கள்.

ஒன்று, இஃப் தெரிவு == "1" ஓர் "2" என்று எழுதுவது. நாம் வாயால் சொல்வது போலவே இருக்கிறது, ‘தெரிவு 1 அல்லது 2 என்றால்’. பைத்தன் இதைப் படிக்கிற விதம் வேறு: தெரிவு "1"க்குச் சமமா? இல்லையென்றால் "2" உண்மையா? வெறுமை இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தனுக்கு உண்மைதான். ஆகவே இந்த இஃப் ஒருநாளும் பொய்யாகாது, என்ன தட்டினாலும் உள்ளே விடும்.

மற்றது, மேலே சொன்னதைத் தவிர்க்கப் போய் இஃப் தெரிவு இன் "1234" என்று சுருக்கமாக எழுதுவது. இது இன்னும் நயவஞ்சகம், ஏனென்றால் 1 தட்டினால் சரி, 7 தட்டினால் பிடிக்கிறது, வீட்டில் சோதித்தவருக்குத் திருப்தி. ஆனால் ஸ்ட்ரிங்குக்குள் இன் என்று கேட்டால் அது ‘இந்தத் துண்டு உள்ளே தொடர்ச்சியாக இருக்கிறதா’ என்ற கேள்வி. 12 இருக்கிறது. 234 இருக்கிறது. வெறும் என்டர் தட்டினால் வருகிற வெற்று ஸ்ட்ரிங்? அதுவும் இருக்கிறது, எந்த ஸ்ட்ரிங்குக்குள்ளும் வெற்று ஸ்ட்ரிங் இருப்பதாகத்தான் பைத்தன் சொல்லும். ஆகவே லிஸ்ட், செட், டிக்ஷனரி இவற்றில் ஒன்றுக்குள் தேடுங்கள். ("1") என்று ஒரே ஒன்றை அடைப்புக்குள் போட்டால் அது டியூப்பிள், அதாவது மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரியான ஒன்று ஆகாது, காற்புள்ளி வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது அந்த ஓடுகிற வரி. நீங்கள் போட்டது வெறும் எக்செப்ட்: மட்டும், எந்த எரர் என்று சொல்லாமல். அது எல்லாவற்றையும் விழுங்கும். நாம் எரர் என்று நினைக்காத இரண்டையும் சேர்த்து விழுங்கும்: கன்ட்ரோல் சி அடிக்கும்போது எழுகிற கீபோர்ட்இன்டரப்ட், ப்ரோகிராமை நிறுத்தச் சொல்லும்போது எழுகிற சிஸ்டம்எக்ஸிட். பைத்தன் இந்த இரண்டையும் எக்செப்ஷன் என்ற குடும்பத்துக்கு வெளியே, பேஸ்எக்செப்ஷனுக்குக் கீழே தனியாக வைத்திருப்பதே யாரும் தவறுதலாகப் பிடித்துவிடக்கூடாது என்றுதான். வெறும் எக்செப்ட் அதையும் தாண்டிப் பிடிக்கிறது.

ஆனால் 5 தட்டியதும் மறுபடி மெனு வராமல் வரி ஏன் மழை போலக் கொட்டியது? உங்கள் 5க்குள் எக்ஸிட்() என்று இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது, முதலில் உள்ளீடு வருகிற குழாயை மூடுகிறது, பிறகு சிஸ்டம்எக்ஸிட்டை எழுப்புகிறது. இரண்டாவதை உங்கள் எக்செப்ட் பிடித்து ‘தவறான உள்ளீடு’ என்று அச்சடித்துவிட்டு லூப்பின் தலைக்குப் போகிறது. குழாயோ ஏற்கனவே மூடியாயிற்று. இன்புட் கேட்டவுடனேயே எரர், எக்செப்ட், அச்சு, மறுபடி இன்புட், மறுபடி எரர். யாரும் எதையும் தட்டக் காத்திருப்பதே இல்லை, அதனால்தான் அந்த வேகம். கன்ட்ரோல் சி அடித்தால் அதையும் ஒரு தவறான உள்ளீடாக எண்ணிவிட்டு ஓட்டம் தொடர்கிறது. லூப்பில் இருந்து வெளியே வர எக்ஸிட் வேண்டாம், பிரேக் போதும், டெஃப் போட்டு எழுதுகிற ஃபங்ஷனுக்குள் என்றால் ரிட்டர்ன்.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கும் உரிமை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில், ‘தொடரவா? ஆம் இல்லை’ என்று கேட்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அதில் எக்செப்ட் எக்செப்ஷன் என்று போட்டிருந்தேன், வெறும் எக்செப்ட் இல்லைதானே, நல்ல பிள்ளை என்று எனக்கு நினைப்பு. யாரோ அதை இரவில் தானாக ஓடும்படி சேர்வரில் போட்டுவிட்டார்கள். இரவு 2 மணிக்கு விசைப்பலகைக்கு முன் யார் இருப்பார்கள்? தட்ட ஆளில்லாத இடத்தில் இன்புட் கேட்டால் உடனே இஓஎஃப்எரர் வரும், அது எக்செப்ஷன் குடும்பம்தான், என் எக்செப்ட் அதைப் பிடித்து ‘ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்’ என்று, நடந்ததைப் பதிகிற லொக் ஃபைலில் எழுதிவிட்டு மறுபடி கேட்டது. காலையில் டிஸ்க் நிரம்பி வேறு எதுவும் ஓடவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தால் மரியாதையான அந்த ஒரே வசனம், கீழே போகப் போக முடிவே இல்லை. அன்றிலிருந்து எந்த எரரை எதிர்பார்க்கிறேனோ அதன் பெயரை மட்டும் எழுதுகிறேன், ட்ரைக்குள் அந்த எரர் வரக்கூடிய ஒரு வரியை மட்டும் வைக்கிறேன்.

அப்படியென்றால் ட்ரை எக்செப்ட்டே வேண்டாமா? வேண்டும், எண் உண்மையிலேயே எண்ணாக இருக்கும் இடத்தில். கொத்து எது என்பது பெயர். எத்தனை பார்சல் என்பது எண், அதைப் பெருக்கப்போகிறீர்கள், விலை கணக்கிடப்போகிறீர்கள். அங்கே இப்படி:

டெஃப் எத்தனை_கேள்(கேள்வி, குறைந்தது, கூடியது):
    வைல் ட்ரூ:
        எழுத்து = இன்புட்(கேள்வி)
        ட்ரை:
            எண் = இன்ட்(எழுத்து)
        எக்செப்ட் வேல்யூஎரர்:
            பிரின்ட்("எத்தனை பார்சல் என்று இலக்கத்தில் சொல்லுங்கள்")
            கன்டினியூ
        இஃப் குறைந்தது <= எண் <= கூடியது:
            ரிட்டர்ன் எண்
        பிரின்ட்("ஒரு ஓடருக்கு", குறைந்தது, "முதல்", கூடியது, "வரைதான்")

இரண்டு சோதனைகள், இரண்டு வேறு பதில்கள். ‘ரெண்டு’ என்று தட்டியவருக்கும் 200 என்று தட்டியவருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னால் இரண்டாவது ஆள் குழம்பிப்போவார், அவர் தட்டியது இலக்கம்தானே. மேல் எல்லையை மறக்காதீர்கள். 2க்குப் பதில் கை வழுக்கி 22 விழுவது அன்றாடம் நடக்கிறது.

சிலர் ட்ரைக்குப் பதிலாக, எல்லாம் இலக்கமா என்று பார்க்கிற இஸ்டிஜிட்டைச் சொல்லித்தருவார்கள்: இஃப் எழுத்து.இஸ்டிஜிட்(): என்று பார்த்துவிட்டு இன்ட் போடு என்று. வகுப்புக்குப் போதும், ஆனால் அது சொல்வதும் இன்ட் ஏற்பதும் ஒன்றல்ல. -2 என்பதற்கு இஸ்டிஜிட் பொய் சொல்லும், கழித்தல் குறி இலக்கம் இல்லையே; இங்கே அது உங்களுக்கு வசதிதான், வெப்பநிலை கேட்கிற ப்ரோகிராமில் வசதி இல்லை. மேலே சின்னதாகப் போடுகிற அடுக்குக்குறி ² இருக்கிறதே, அதற்கு இஸ்டிஜிட் உண்மை என்று சொல்லும், இன்ட்டிடம் கொடுத்தால் எரர். 1_0 என்று அடிக்கோட்டோடு தட்டினால் இஸ்டிஜிட் மாட்டேன் என்கும், இன்ட்டோ பைத்தன் 3.6இல் இருந்து அதை 10 என்று ஏற்றுக்கொள்ளும்.

இதில் நம்மவருக்குப் பிடித்த ஒன்று: இன்ட்("௩") என்று தமிழ் இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், 3 வரும். யூனிகோடில் தசம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எதையும் இன்ட் ஏற்கும், ௦ முதல் ௯ வரை அந்த வகை. ௧௦ என்று கொடுத்தால் 10. ஆனால் பழைய முறையில் பத்துக்கு எழுதுகிற ௰ஐக் கொடுத்தால் வேல்யூஎரர், ஏனென்றால் அது தசம இலக்கம் இல்லை, பத்து என்ற பெறுமதி கொண்ட ஒரு குறி. எண் பெறுமதி உண்டா என்று பார்க்கிற இஸ்நியூமெரிக் மட்டும் அதற்கு ஆம் சொல்லும். எத்தனை பார்சல் என்ற கேள்விக்கு யாராவது ௩ என்று தட்டினால் தாராளமாக மூன்று கொடுங்கள். மெனுத் தெரிவுக்கு ௩ வேலை செய்யாது, அங்கே நாம் ஸ்ட்ரிங்கை ஒப்பிடுகிறோம், வேண்டுமானால் "௩" என்ற சாவியையும் சேர்க்கலாம்.

காசு கேட்கும் இடம் வந்தால் இரண்டு விஷயம். நம் ஊரில் 1,500/= என்று எழுதிப் பழக்கம், இன்ட்டுக்குக் காற்புள்ளியும் ஆகாது அந்த வாலும் ஆகாது, ஒரு எழுத்தை இன்னொன்றால் மாற்றுகிற ரிப்ளேஸ் போட்டுக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். மற்றது, தசமப் புள்ளி எண்ணுக்கான ஃப்ளோட் பாவித்தால், ஆங்கிலத்தில் என், ஏ, என் என்று மூன்று எழுத்தைத் தட்டிப் பாருங்கள், எண் அல்ல என்பதன் சுருக்கம் அது, ஃப்ளோட் அதை எரர் இல்லாமல் ஏற்கும். அதைப் பெரிதா, சிறிதா, சமமா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய். ஆகவே ‘பூச்சியத்தைவிடக் குறைவா, எல்லையைவிடக் கூடவா, இரண்டும் இல்லையென்றால் சரி’ என்று எழுதினால் அது உள்ளே புகுந்துவிடும். ‘இந்த எல்லைக்குள் இருந்தால் மட்டும் சரி’ என்று மேலே நான் எழுதிய மாதிரி நேராகக் கேட்டால் புகாது.

மறுபடி கேட்பதற்கு லூப் வேண்டாம், ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டால் போதும் என்று ஒரு யோசனையும் உங்கள் கேள்வியின் கடைசியில் இருந்தது. வேண்டாம். அப்படி எழுதுகிறவர்கள் உள்ளே கூப்பிடும் வரிக்கு முன் ரிட்டர்ன் போட மறந்துவிடுவார்கள், இரண்டாம் தடவை சரியாகத் தட்டிய ஆளுக்கு நன் என்ற வெறுமைதான் திரும்பி வரும். பிழையாகத் தட்டுவது ஏறத்தாழ ஆயிரம் தடவையைத் தொட்டால் ரிகர்ஷன்எரர் வேறு, ஒரு பூனை விசைப்பலகையில் படுத்தால் போதும்.

வசனத்தைப் பற்றிக் கொஞ்சம். ‘தவறான உள்ளீடு’ என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. வெள்ளவத்தையில் எந்தக் கொத்துக் கடைக்காவது ராத்திரி எட்டு மணிக்குப் போய், தகட்டுச் சத்தத்துக்கு நடுவே ‘ஒரு கொத்து’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். காசாளர் ‘தவறான உள்ளீடு’ என்பாரா? ‘முட்டையா கோழியா அண்ணை?’ என்பார். என்ன பிழை என்று அவர் சொல்வதில்லை, என்ன சொன்னால் வேலை நடக்கும் என்று சொல்கிறார். அதற்காக ஒவ்வொரு பிழைக்கும் முழு மெனுவையும் திரும்ப அச்சடிக்கவும் வேண்டாம். போனில் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு, ஒரு இலக்கத்தைப் பிழையாக அழுத்திவிட்டால், மூன்று மொழி வணக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்கிற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒரு வரி போதும்.

டீச்சர் தட்டியது ‘சீஸ்’. உண்மையில் அதை ஏற்றுக்கொண்டால் என்ன? அவர் சொன்னது விளங்குகிறதுதானே. மெனுவுக்குப் பக்கத்தில் இன்னொரு டிக்ஷனரி வைத்து "சீஸ்": "3", "கோழி": "2" என்று போட்டு, தெரிவு அதில் இருந்தால் மாற்றிக்கொண்டு போகலாம். தமிழில் பெயர்களை ஒப்பிடும்போது மட்டும் ஒரு பொறி இருக்கிறது. ‘கோழி’யில் வருகிற ‘கோ’வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக, அல்லது முன்னால் நிற்கிற இரட்டைக் கொம்பையும் பின்னால் நிற்கிற காலையும் தனித்தனி எழுத்தாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், பைத்தன் ஒப்பிட்டால் வேறு வேறு. கீபோர்டுகள் பெரும்பாலும் முதல் விதமாகவே தரும், ஆனால் எங்கிருந்தோ கொப்பி பண்ணி ஒட்டியதில் இரண்டாவது வந்துவிடும். யூனிகோட்டேட்டா என்ற மொடியூலில் நோர்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது, என்எஃப்சி என்று சொல்லிக் கொடுத்தால் ஒரே விதமாக்கித் தரும். சில கீபோர்டுகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கி எழுத்தொன்றையும் நடுவில் போடும், அதை நோர்மலைஸும் எடுக்காது, ஸ்ட்ரிப்பும் எடுக்காது, நீங்களே ரிப்ளேஸ் போட வேண்டும். ‘கோழி’ என்று சரியாகத்தான் தட்டினேன், ஏற்க மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் லென் போட்டு எழுத்தை எண்ணிப் பாருங்கள்.

பைத்தன் 3.10இல் வந்த, ஒன்றைப் பல தெரிவுகளோடு ஒப்பிடுகிற மேட்ச், கேஸ் பாவிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாவிக்கலாம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பள்ளிக்கூடக் கணினியில் இருக்கிற பதிப்பு பழையது என்றால் ஓடாது. இந்த அளவு மெனுவுக்கு டிக்ஷனரியே போதும்.

டீச்சரிடம் மறுபடி கொண்டுபோகும் முன் நீங்களே அவர் மாதிரி உட்கார்ந்து தட்டிப் பாருங்கள்: வெறும் என்டர், ஒரு ஸ்பேஸ், -1, 12, 3.0, சீஸ், நீளமாக ஒரு வசனம், எத்தனை என்று கேட்கும் இடத்தில் 0, எந்த இடத்திலும் கன்ட்ரோல் சி. அதில் 3.0 என்ன செய்கிறது என்று பாருங்கள், இன்ட் அதை ஏற்காது, மூன்றுதானே என்று வாதாட முடியாது. கன்ட்ரோல் சி அடித்தால் ப்ரோகிராம் நிற்க வேண்டும், அசிங்கமாக நாலு வரி வந்தாலும் பரவாயில்லை.

இன்றிரவுக்கு முதல் வேலை அந்த வெறும் எக்செப்ட்டை எடுப்பதும் எக்ஸிட்டைப் பிரேக்காக மாற்றுவதும். டிக்ஷனரியை நாளைக்கு மாற்றினாலும் பிரச்சினை இல்லை. மாற்றியதைப் போடுங்கள், பார்க்கிறேன், ஆனால் திரையைப் போட்டோ எடுத்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், போன தடவை நீங்கள் போட்டதில் பாதி உங்கள் கை நிழல்.